பந்தைப் பேசுகிறார்களா, பேச்சை விற்கிறார்களா?

‘கூடைப்பந்து ஒளிபரப்பில் ஊடகங்கள் ஆய்வுக்கு முதலிடம் தர வேண்டுமா, பொழுதுபோக்குக்கு முதலிடம் தர வேண்டுமா?’ விவாதக் கட்டுரைக்கு இப்படி ஒரு தலைப்பு வந்தால் நம் மாணவர்களில் பலர் என்ன எழுதுவார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். “ஆய்வும் பொழுதுபோக்கும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள்” என்று தொடங்குவார்கள். “எனவே இரண்டும் தேவையே என்பது வெள்ளிடைமலை” என்று முடிப்பார்கள். நடுவில் மூன்று பத்தி. மதிப்பெண்ணும் ஓரளவு கிடைத்துவிடும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று பார்த்தால், வரவில்லை.

தொலைக்காட்சியில் நேரம் இழுத்தால் நீளுகிற ரப்பர் இல்லையே. வட அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் இடைவேளை 15 நிமிடம். விளம்பரம் போக மிஞ்சுவதுதான் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அந்தச் சில நிமிடத்தில் ஒரு தாக்குதல் எப்படி உருவானது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். இல்லையென்றால் ஒருவர் உடையைப் பற்றி இன்னொருவர் கிண்டலடிக்கலாம். இரண்டையும் முழுசாகச் செய்ய முடியாது. ஒவ்வோர் இரவும் ஏதோ ஒரு தயாரிப்பாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடுகிறேன்: ஆய்வுக்குத்தான் முதலிடம். எந்த மாதிரி ஆய்வு என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கிழக்குக் கரையில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மறுநாள் காலை 8.30. வகுப்பு நேரம். ஆகவே கூடைப்பந்து பிடித்த நம் மாணவர்களில் பலர் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பதே இல்லை. பள்ளி முடிந்து கைப்பேசியைத் திறந்தால் இரண்டு வகைத் துணுக்குகள் கிடைக்கும். ஒன்று, யாரோ டங்க் அடித்த காட்சி. மற்றது, அதைப் பற்றி நான்கு பேர் உரக்கப் பேசும் காட்சி. களத்தில் ஓடிய 48 நிமிடம் அவர்களை வந்து சேர்வதில்லை. அதைப் பற்றிய பேச்சுதான் வந்து சேருகிறது. அந்தப் பேச்சு எப்படி இருக்கிறது என்பது, நேரில் பார்க்கும் அமெரிக்கரைவிட நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் முக்கியம்.

பொழுதுபோக்குத் தரப்பின் மிகச் சிறந்த சாட்சியை முதலில் கூப்பிடுவோம். எதிரணியில் நோஞ்சானைப் பார்த்து அடித்துவிட்டு வென்றேன் என்று சொல்வது வாதமாகாது. டி.என்.டி. தொலைக்காட்சியில் வளர்ந்த ‘இன்சைட் தி என்.பி.ஏ.’ நிகழ்ச்சிதான் அந்தச் சாட்சி. எர்னி ஜான்சன் நெறியாளர். முன்னாள் வீரர்களான கென்னி ஸ்மித் 1998-இலும், சார்ல்ஸ் பார்க்லி 2000-இலும், ஷகீல் ஓ’நீல் 2011-இலும் சேர்ந்தார்கள். பார்க்லி எவ்வளவோ பெரிய ஆட்டக்காரர், ஆனால் என்.பி.ஏ. வாகையர் பட்டம் ஒருமுறைகூட வென்றதில்லை. ஸ்மித்திடம் 2 பட்டம், ஓ’நீலிடம் 4. இந்தக் கணக்கை வைத்தே ஆண்டுக்கணக்கில் கிண்டல் ஓடியிருக்கிறது. ஓர் அணி போட்டியிலிருந்து வெளியேறினால், அந்த அணிக்காரர்கள் படகேறி மீன்பிடிக்கப் போவதுபோல் ஒட்டுவேலைப் படம் ஒன்றைக் காட்டி வழியனுப்புவார்கள். சிரிப்பு வராமல் இருக்காது. மாமா, சித்தப்பா எல்லாரும் கூடிவிட்ட பெருநாள் வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அந்தச் சிரிப்புக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரி 26-ஆம் நாள் கோபி பிரயன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். இரண்டு நாள் கழித்து நடக்க வேண்டிய லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டம் இல்லாத, ஆளில்லாத ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கத்தின் நடுவிலேயே இந்தக் குழு உட்கார்ந்து பேசியது. பிரயன்டோடு சேர்ந்து 3 பட்டம் வென்ற ஓ’நீல் அங்கே அழுதார். அதே ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கி வீரர்கள் இன அநீதியைக் கண்டித்து ஆட மறுத்தபோது, கென்னி ஸ்மித் நேரலையிலேயே ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டுமே பார்ப்பவர் மனத்தைத் தொட்டதற்குக் காரணம், அதற்கு முன் பல ஆண்டுகள் சேர்ந்து சிரித்த பழக்கம். புள்ளிவிவரம் மட்டும் பேசுகிற ஒருவரால் அந்த இரவுகளைத் தாங்கியிருக்க முடியாது. பொழுதுபோக்குத் தரப்பில் எழுதப்போகும் மாணவர்கள், “மக்கள் மகிழ்ச்சி அடைகிறார்கள்” என்று பொதுவாக எழுதுவதைவிட இந்த இரண்டு இரவுகளைக் காட்டினால் வாதம் நிற்கும்.

இனி அதே நிகழ்ச்சியின் மறுபக்கம். கென்னி ஸ்மித் எழுந்து ஒரு பெரிய திரைக்குப் போய், ஒரு காட்சியை நிறுத்தி, யார் எங்கே நின்றார், யார் நகர மறந்தார் என்று விளக்குவது வழக்கம். நிகழ்ச்சியில் ஆய்வு என்று சொல்லத்தக்க பகுதி அதுதான். நாளடைவில் அந்தத் திரைக்குப் போவதே ஓட்டப்பந்தயமாகிவிட்டது. மற்றவர்களும் எழுந்து ஓடுவார்கள், இடிப்பார்கள், தள்ளுவார்கள். ஒருமுறை ஓ’நீல் தள்ளியதில் ஸ்மித் கிறிஸ்துமஸ் மரத்தின்மேல் போய் விழுந்தார். உலகம் முழுக்கப் பரவிய துணுக்கு அது. சரி, ஓடிப்போய் அவர் என்ன விளக்கினார்? துணுக்கில் அது இருக்காது. ஓட்டம் இருக்கிறது, விழுந்தது இருக்கிறது, ஓடியதன் காரணம் மட்டும் வெட்டப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அணிகளில் அதிகம் பேசப்படாத வீரர்களின் பெயரைச் சொல்லி, ‘இவர் எந்த அணிக்கு ஆடுகிறார்?’ என்று பார்க்லியிடம் கேட்கும் புதிர்ப் பகுதி. அவர் தப்பாகச் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். பாடம் தெரியாத ஆசிரியரை வகுப்பில் நிறுத்தி, தெரியாததையே வேடிக்கையாக்கினால் எப்படி இருக்கும்? அந்த வீரர்களும் ஆடத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து சொல்வதற்குத்தான் அந்த நாற்காலி போட்டிருக்கிறது.

பார்க்லியின் அறியாமை வெறும் வேடிக்கையோடு நின்றால் விட்டுவிடலாம். 2015 பிப்ரவரியில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரியை முன்வைத்து, புள்ளிவிவர ஆய்வையே அவர் குப்பை என்று தள்ளினார். ஆடத் தெரியாதவர்கள்தான் எண்களைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். தூரத்திலிருந்து வீசும் அணி பட்டம் வெல்லாது என்பதும் அவர் அடிக்கடி சொன்ன கருத்து. அதே 2015 ஜூனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், ஸ்டீபன் கரியின் தூர வீச்சுகளோடு, கிளீவ்லாந்து அணியை 4-2 என்று வென்று பட்டம் எடுத்தது. கணிப்பு தப்பிப்போவது பெரிய குற்றமில்லை, எல்லாருக்கும் தப்பும். ஆட்டம் தன் கண்ணெதிரே உருமாறிக்கொண்டிருந்தபோது, அது ஏன் மாறுகிறது என்று கேட்கவே மாட்டேன் என்றாரே, குறை அங்கேதான்.

என்ன மாறியது? மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 புள்ளிக்கான வீச்சு ஒன்று, வளையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று வீசுவது, 100-க்கு 40 முறை உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வீச்சில் 80 புள்ளி. ஓர் அடி பின்னால் நகர்ந்து கோட்டுக்கு வெளியே நின்று வீசினால் 100-க்கு 35 முறைதான் போகிறது, ஆனால் ஒவ்வொன்றும் 3 புள்ளி. 100 வீச்சில் 105 புள்ளி. அதிகம் தப்பினாலும் அதிகம் கிடைக்கிறது. என்.பி.ஏ.யில் 3 புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில் வந்தது. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அங்கிருந்து வீசியது சராசரியாக 3 முறைக்கும் குறைவு. 2024-25 பருவத்தில் அது 37-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் ஆட்டத்தின் முகமே வேறாகிவிட்டது.

இதை மக்களுக்குப் புரிய வைத்தவர்களில் ஒருவர் கர்க் கோல்ட்ஸ்பெரி. அடிப்படையில் அவர் புவியியலாளர், நிலப்படம் வரைபவர். எந்த வீரர் களத்தின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு வீசுகிறார், எவ்வளவு உள்ளே போகிறது என்பதை வண்ணப்படமாக வரைந்து 2012-இல் ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குக் கணக்கே தெரிய வேண்டாம். களத்தின் நடுப்பகுதி ஆண்டுக்காண்டு காலியாகிக்கொண்டே வருவது கண்ணில் தெரியும். 2013-14 பருவத்திலிருந்து எல்லா அரங்கக் கூரைகளிலும் ஆறு ஆறு கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு வீரரும் நொடிக்கு 25 முறை எங்கே நிற்கிறார் என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஆய்வுக்குச் சரக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது.

ஆனால் எண்ணை மட்டும் அடுக்குவதும் ஆய்வாகிவிடாது. இதற்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம், கட்டுரைக்கும் உதவும். 2018 மே 28. மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம், ஹூஸ்டனில். அந்தப் பருவத்தில் ராக்கெட்ஸ் 65 ஆட்டம் வென்ற அணி. 2 புள்ளி வீச்சைவிட 3 புள்ளி வீச்சை அதிகமாக எடுத்த அணியும் கூட. மோரியின் கணக்கு களத்தில் இறங்கி நடந்தது என்றே சொல்லலாம். தொடரில் அவர்கள் 3-2 என்று முன்னே இருந்தார்கள். ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையிலும் 54-43 என்று முன்னேதான் இருந்தார்கள். பிறகு வந்தது வறட்சி: தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி வீச்சுகள் தப்பின. மொத்தம் 44 வீசி 7 மட்டும் உள்ளே போனது. மூன்றாவது கால்பகுதியில் வாரியர்ஸ் 33, ராக்கெட்ஸ் 15. முடிவு 101-92.

இந்த ஆட்டத்தை மூன்று விதமாகப் பேசலாம். முதல் வகை, விவாத மேடைப் பேச்சு: “ஜேம்ஸ் ஹார்டன் பெரிய ஆட்டத்தில் பயந்துவிட்டார், அவருக்கு நெஞ்சுரம் இல்லை.” சுலபம், சூடு உண்டு, சரிபார்க்க வழியில்லை. இரண்டாவது வகை, எண் மட்டும் பேசுகிறவர்: “வீச்சுகள் நல்ல வீச்சுகள்தான், துரதிர்ஷ்டம், அவ்வளவுதான்.” கேட்க அறிவாக இருக்கிறது. ஆனால் இவரைக் கொஞ்சம் குடைந்து பார்ப்போம். 35 விழுக்காடு போடுகிற ஓர் அணி, ஒவ்வொரு வீச்சும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது என்று வைத்துக்கொண்டால், அடுத்து வரும் 27-ஐயும் தப்பவிட எவ்வளவு வாய்ப்பு? 0.65-ஐ 27 முறை பெருக்குங்கள். ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று வரும். லட்சத்தில் ஒன்று நடக்கும்போது ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் ஆய்வாளரா? அந்த எண்தானே நம்மைத் திரும்பவும் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது!

போட்டுப் பார்த்தால் மூன்றாவது வகைப் பேச்சு கிடைக்கும். ராக்கெட்ஸின் இரண்டாவது பெரிய ஆட்டக்காரர் கிறிஸ் பால், ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் தொடைத் தசையில் அடிபட்டு, ஆறிலும் ஏழிலும் இறங்கவில்லை. பந்தைக் கொண்டுபோய், எதிரணியை உள்ளே இழுத்து, பிறகு வெளியே நிற்பவருக்குக் கொடுக்கும் வேலையை அதுவரை இருவர் பகிர்ந்து செய்தார்கள். இப்போது பெரும்பாலும் ஹார்டன் தலையில். பயிற்றுநர் மைக் டி’அன்டோனி சில வீரர்களை மட்டுமே மாற்றி மாற்றி இறக்கினார். தூர வீச்சுக்குப் பலம் கையிலிருந்து மட்டும் வருவதில்லை, காலிலிருந்து வருகிறது. கால் சோர்ந்தால் பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பும். இனி அந்த 27 வீச்சுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எத்தனை முன் விளிம்பில் பட்டன? எத்தனையில் எதிராளி கை முகத்துக்கு நேரே இருந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. எண் கேள்வியை எழுப்புகிறது, கண் தேடுகிறது, ஆட்டம் தெரிந்தவர் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். நான் ஆய்வு என்று சொல்வது இதைத்தான். இதில் சுவாரஸ்யம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். துப்பறியும் கதை மாதிரியல்லவா இருக்கிறது?

இப்படிப் பேசத் தெரிந்த ஒருவரை ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஹூபி பிரவுன். உயர்நிலைப் பள்ளிப் பயிற்றுநராகத் தொடங்கியவர், என்.பி.ஏ.யில் 1978, 2004 என்று 26 ஆண்டு இடைவெளியில் இரண்டுமுறை ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது வாங்கியவர். பல பத்தாண்டு தொலைக்காட்சி வர்ணனைக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் தம் 91-ஆவது வயதில் கடைசி ஆட்டத்தை வர்ணித்துவிட்டு ஓய்வு பெற்றார். அவர் பாணியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ‘அவர்கள் இப்படிச் செய்வார்கள்’ என்று தள்ளி நின்று சொல்ல மாட்டார். பார்க்கிறவரையே பயிற்றுநர் நாற்காலியில் உட்கார வைப்பார். நீங்கள் 4 புள்ளி முன்னே இருக்கிறீர்கள், 2 நிமிடம் மீதம், பந்து உங்களிடம், இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்? இந்த மாதிரியான முன்னிலைப் பேச்சு. கேட்ட மறுநொடி கண் தானாகக் களத்தைத் தேடும். நல்ல வகுப்பறையில் நடப்பதும் இதுதானே. நகைச்சுவைத் துணுக்கு எதுவும் போடாமல், யாரையும் தள்ளிவிடாமல், பாமர ரசிகரையும் நுணுக்கம் தெரிந்தவரையும் அவர் ஒரே வாக்கியத்தில் பிடித்துவைத்தார்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் காலை நேர நிகழ்ச்சி ‘ஃபர்ஸ்ட் டேக்’. ஸ்டீபன் ஏ. ஸ்மித் அதன் முகம். முன்பு ஸ்கிப் பேலெஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். 2016-இல் அவர் வேறு தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். அமைப்பு மிக எளிது: ஒரு கேள்வி, இரண்டு பக்கம், உரத்த குரல். நம் பட்டிமன்றம் மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் பட்டிமன்றத்தில் தலைப்பு ஒன்று, நடுவர் ஒருவர், கடைசியில் தீர்ப்பு ஒன்று உண்டு. இங்கே தீர்ப்பு வரவே கூடாது. வந்துவிட்டால் நாளைக்கு என்ன பேசுவது? “இவர் எல்லாக் காலத்திலும் சிறந்தவரா?” “இவர் பெயருக்குக் களங்கமா?” என்பன போன்ற கேள்விகள் முடிவே இல்லாமல் இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஸ்டீபன் ஏ. ஸ்மித்தின் மொழித்திறன் அசாதாரணமானது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் ஏற வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அவர் பேசி முடித்தபின் அடுத்த ஆட்டத்தில் நீங்கள் புதிதாக எதைப் பார்ப்பீர்கள்? எனக்கு விடை கிடைக்கவில்லை.

2025 மார்ச் 6 இதற்கு நல்ல சான்று. லேக்கர்ஸும் நியூயார்க் நிக்ஸும் மோதிய ஆட்டம், சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் வரை போனது, லேக்கர்ஸ் வென்றது. அந்த ஆட்டத்தின்போது லெப்ரான் ஜேம்ஸ், களத்தோரம் உட்கார்ந்திருந்த ஸ்டீபன் ஏ. ஸ்மித்திடம் நேராகப் போய்க் கோபமாகப் பேசினார். தம் மகன் ப்ரானியைப் பற்றி ஸ்மித் தொலைக்காட்சியில் பேசியதுதான் காரணம். மறுநாளும் அதன் பிறகும் பேச்செல்லாம் அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான். யார் என்ன சொன்னார், யார் சரி, யார் தப்பு. கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் எப்படி வென்றது என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? பேசுகிறவரே செய்தியாகிவிட்டால், பேச வேண்டியது காணாமல் போய்விடுகிறது.

‘பார்ப்பவர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்’ என்பது ஊடகங்களின் வழக்கமான பதில். காசு எங்கே போகிறது என்று பாருங்கள். 2023 ஜூன் 30-ஆம் நாள், பல ஆண்டு இறுதிப் போட்டிகளுக்கு வர்ணனை செய்த முன்னாள் பயிற்றுநர் ஜெஃப் வான் கண்டியை இ.எஸ்.பி.என். ஆட்குறைப்பில் அனுப்பியது. 2024 செப்டம்பரில் ஸாக் லோவையும் அனுப்பியது. ஒரு தற்காப்பு ஏன் உடைந்தது என்று விளக்க மூன்று பத்தி எழுதக்கூடியவர் அவர், இத்துறையில் பலர் முன்மாதிரியாகக் கொள்பவர். அடுத்த 2025 மார்ச்சில் ஸ்டீபன் ஏ. ஸ்மித்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 100 மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று அமெரிக்க ஊடகங்கள் எழுதின. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி. ரசிகர்களின் விருப்பம் தானாக முளைத்ததில்லை. ஒரு செடிக்கு மட்டும் நீர் ஊற்றிவிட்டு, தோட்டத்தில் அதுதான் நன்றாக வளருகிறது என்கிறார்கள்.

ஆய்வு செய்யத் தெரிந்தவரையும் அந்த மேடை என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஜே.ஜே. ரெடிக். 15 பருவங்கள் ஆடியவர், நுணுக்கம் தெரிந்தவர். 2022-இல் ‘ஃபர்ஸ்ட் டேக்’ மேடையில், பழங்கால வீரர் பாப் கூஸியைப் பற்றிய வாக்குவாதத்தில், அவரை எதிர்த்து ஆடியவர்கள் குழாய் பழுதுபார்ப்பவர்களும் தீயணைப்பு வீரர்களும்தான் என்று ஒரு போடு போட்டார். 1950-களில் பல வீரர்கள், ஆட்டம் இல்லாத மாதங்களில் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தது உண்மை. முழுநேரப் பயிற்சி இல்லாத காலத்தை இன்றைய காலத்தோடு எப்படி ஒப்பிடுவது என்பது அருமையான கேள்வியும்கூட. ஆனால் மேடை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை, கேலியை மட்டும் எடுத்துக்கொண்டது. இதே ரெடிக், 2024 மார்ச்சில் லெப்ரானோடு சேர்ந்து ‘மைண்ட் தி கேம்’ என்ற வலையொலியைத் தொடங்கினார். இருவரும் உட்கார்ந்து, ஒரு ஸ்க்ரீனை (எதிராளி வரும் வழியில் நம் ஆள் சுவர் மாதிரி நிற்பது) எத்தனை விதமாக எதிர்கொள்ளலாம் என்று நிதானமாகப் பேசினார்கள். கத்தல் இல்லை, ஆனாலும் கேட்க ஆள் இருந்தது. சில மாதத்தில் ரெடிக் லேக்கர்ஸ் பயிற்றுநராகிவிட்டார். ஆள் ஒருவர்தான், மேடைதான் வேறு.

ஆய்வுத் தரப்பைப் பற்றியும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாலெழுத்துச் சுருக்கப்பெயர்களை அள்ளி வீசி, கேட்கிறவர் தமக்கு அறிவு போதாது என்று நினைத்துக்கொண்டு வேறு அலைவரிசைக்குப் போக வைக்கிற ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள்தான் ‘ஃபர்ஸ்ட் டேக்’ போன்ற நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். ஓர் எண்ணைச் சொன்னால், அது களத்தில் எந்த அசைவாகத் தெரியும் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். ஹூபி பிரவுனுக்குத் தெரிந்தது.

2025-26 பருவத்திலிருந்து என்.பி.ஏ.யின் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் நடப்புக்கு வந்திருக்கிறது: டிஸ்னி, என்.பி.சி.யுனிவர்சல், அமேசான் மூன்றோடும் சேர்த்து 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 76 பில்லியன் டாலர். டி.என்.டி. ஆட்டங்களை இழந்தது. ‘இன்சைட் தி என்.பி.ஏ.’ அட்லாண்டாவிலேயே பழைய குழுவால் தயாரிக்கப்பட்டு, இப்போது இ.எஸ்.பி.என்.னில் வருகிறது. சிரிக்க வைக்கும் குழுவும் கத்த வைக்கும் நிகழ்ச்சியும் ஒரே கூரையின் கீழ். அந்த வீட்டில் கென்னி ஸ்மித்தின் திரைக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. இரண்டு பாடவேளை போதும். ஒரே ஆட்டத்தைப் பற்றிய இரண்டு துணுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள், தலா 5 நிமிடம்: ஒன்று விவாத நிகழ்ச்சியிலிருந்து, இன்னொன்று விளக்க நிகழ்ச்சியிலிருந்து. பேசப்பட்ட ஒவ்வொரு கூற்றையும் மாணவர்கள் தமிழில் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு, ஆட்டக் காட்சியைத் திரும்பப் போட்டால் சரியா தப்பா என்று சொல்லிவிடக்கூடிய கூற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு இடச் சொல்லுங்கள். ‘அவருக்கு நெஞ்சுரம் இல்லை’ என்பதற்குக் கோடு விழாது. ‘மூன்றாவது கால்பகுதியில் அவர் வளையத்தை நோக்கிப் போகவே இல்லை’ என்பதற்கு விழும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைப்புக்குப் பதில் எழுதட்டும். வண்டிச் சக்கரம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பு எடுக்கும்போது ‘ஸ்க்ரீன்’, ‘ரீபவுண்ட்’ இதற்கெல்லாம் தமிழில் என்ன போடுவது என்று ஒரு சண்டை வரும். வரட்டும், அதற்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.